பின்னால் யாரும் வரமாட்டார்கள்

"தங்கச்சி, ஒங்கட வேதக்கார ஆக்கள் வேற யாரும் பின்னால வருவாங்களா?"

வீட்டுக்காரர் ரஸாக் இப்படிக் கேட்டதும் மக்தலேனாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இல்ல நானா. நாங்க மூண்டு பேர் மட்டுந்தான்" என்றாள் அவசரமாக, அவரை அண்ணன் முறை வைத்து.

பக்கத்துக் கதிரையில் இருந்த புருஷன் இன்னாசிப்பிள்ளை திரும்பி அவளைப் பார்த்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

புத்தளத்தில் இன்று அவர்கள் ஏறி இறங்குகிற மூன்றாவது வீடு இது. முதல் வீட்டில், "முத்தத்தில கருவாடு காயப்போடுவீங்களே" என்று கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் பெயரைக் கேட்டார்கள். கேட்டதும் வீடு திடீரென்று வேறு யாருக்கோ பேசி முடிந்திருந்தது. கால் இரண்டும் கெஞ்சின.

கடற்கரையில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்கு வர யாருக்கு ஆசை? சண்டை முடியட்டும், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் வருவார் என்றார்கள். சண்டை முடிந்து நாலு வருஷமாயிற்று, வாத்தியாரைத்தான் காணோம். மகன் டிலக்‌ஷன் வருகிற தையில் பத்தாம் ஆண்டு. இங்கே முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளிருக்கிறது. அதிபரும் சம்மதித்துவிட்டார். பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும்.

ரஸாக் விடுவதாயில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொந்தக்காரர், அயலுக்குள்ள ஆரும்? மகன்ட வயசில புள்ள உள்ள ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்ல நானா. மாதா மேல சத்தியம்! மாதா சுருவத்தக்கூட வீட்டுக்கு முன்னுக்கு வைக்கமாட்டம். கருவாட்டு மணமும் வராது."

ரஸாக்கின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப கொஞ்சம் கஷ்டந்தான். இரிங்க, ஃபோன்ல ஒரு கோல் எடுத்திட்டு வாறன்" என்று உள்ளே போனார்.

"பொய்ச் சத்தியம் வேற பண்ணிப்போட்டாய்" என்று முணுமுணுத்தார் இன்னாசிப்பிள்ளை. "பஸ் ஹோல்டில நிக்கிற மெரினாவுக்கு என்ன சொல்லப்போறாய்?"

மெரினா மக்தலேனாவின் கூடப்பிறந்த தங்கை. அவளுடைய மகளும் டிலக்‌ஷனோடு ஒரே வகுப்பு. ஒரு அறையாவது கிடைக்காதா என்று மகளையும் கூட்டிக்கொண்டு ஆசையாகப் பின்னால் வந்தவளை, "கூட்டமாப் போனா விரட்டிப்போடுவாங்க, நீ இஞ்சயே நில்லு" என்று நிறுத்தியது மக்தலேனாதான்.

"ஒரு குடும்பத்துக்கே முகம் சுளிக்கிறாங்க. ரெண்டெண்டா கேற்றே திறக்கமாட்டாங்க. முதல் நாங்க காலூண்டுவம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் தெம்பில்லாத களைப்பு.

ரஸாக் திரும்பி வந்து பெருமூச்சு விட்டார்.

"அதிபரோடதான் கதைச்சன். வீடு ஒங்களுக்குத்தான் தங்கச்சி, அதில பேச்சில்ல. பிரச்சினை மகன்ட சமய பாடம். ஓ.எல் சோதனைக்குக் கட்டாயம்தானே? எங்கட பள்ளிக்கூடத்தில இஸ்லாம் மட்டும்தான் படிப்பிக்கிறாங்க."

மக்தலேனா திகைத்துப்போனாள். கணக்கு, கணக்கு என்று ஓடியதில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு புள்ளைக்காகச் சமய ரீச்சர் கேட்டா, கல்வித் திணைக்களத்தில தரமாட்டாங்களாம். இன்னும் ஒரு கத்தோலிக்கப் புள்ள இருந்தாலும் சண்டை பிடிச்சு எடுத்துத் தாறன் எண்டு அதிபர் முந்தியே சொன்னவர், இப்பவும் அதத்தான் சொல்றார். அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்டன், வேற யாரும் வருவாங்களா எண்டு. பின்னுக்கு ரெண்டு அறையும் சும்மாதான் கிடக்குது." ரஸாக் கையை விரித்தார். "நீங்க மாதா மேல சத்தியமே பண்ணிட்டீங்க. நான் என்ன செய்ய?"

மக்தலேனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையை எடுக்கவே இல்லை.

"மாதாட்ட நான் பிறகு மன்னிப்புக் கேக்கிறன் நானா. பஸ் ஹோல்டில என்ட தங்கச்சி அவள்ட மகளோட வெயிலுக்க நிக்கிறாள்."