மருமகளின் வயிற்றுவலி

நிஷாந்தினி நடிக்கிறாள் என்பதில் மாமியார் நல்லம்மாவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

காலையில் தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற நேரம் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். மத்தியானம் நல்லம்மா தேயிலை மலையிலிருந்து சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போது, லயத்து வீடுகளின் குழாயடியில் மருமகளின் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

கங்காணி வேறு, மருமகளுக்கு வேலைக்கு வருகிற எண்ணமே இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நல்லம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழும்பில் வேலை செய்யும் மகன் கிருஷ்ணராஜ் போனில் அழைத்து, நிஷாந்தினியை டாக்டரிடம் காட்டச் சொன்னான். தனியாகப் போக அவளுக்குப் பயமாம். அத்தை கூட வந்தால்தான் போவாளாம்.

வேறு சமயமாக இருந்தால் நல்லம்மா முடியாது என்றிருப்பாள். தன் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அக்கா பாதி செத்துப்போனதைப் பார்த்தவள் அவள். அதற்குப் பிறகு எந்த டாக்டர் வாசலையும் மிதித்ததில்லை.

ஆனால் இது வேறு விஷயம். இவளுக்கு ஒரு நோயும் இல்லை என்று டாக்டர் சொல்வதைத் தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும். உடனே சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பசறையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நிஷாந்தினி கடலை வடை வாங்கித் தின்றாள். அத்தைக்கும் ஒன்று நீட்டினாள். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டாலே இப்போதெல்லாம் நல்லம்மாவுக்குக் குமட்டுகிறது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிற்றுவலிக்காரி வடை தின்கிற அழகைப் பார் என்று மனதுக்குள் முணுமுணுத்தாள்.

டாக்டர் கேசினி யாழ்ப்பாணத்துப் பெண். டவுனிலேயே சின்னதாய் ஒரு டிஸ்பென்சரி. நிஷாந்தினி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, சவரம் செய்கிற மிஷின் மாதிரி ஒன்றை எடுத்தாள். அதன் வயரை ஒரு சின்னத் திரையில் செருகினாள்.

"இதுதான் ஸ்கேன். முந்தி இதுக்கெண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். இப்ப இந்தக் கட்டில்லையே பாக்கலாம். நோகாது, படுங்கோ."

நிஷாந்தினி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க டாக்டர். அத்தைக்கு மொதல்ல வச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் படுக்குறேன்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நல்லம்மாவுக்கு மானம் போயிற்று. இவள் நாடகத்துக்கு ஒரு முடிவுகட்ட வேண்டும் என்று, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

டாக்டர் ஜெல்லைத் தடவியதும் வயிறு ஜில்லென்றது. மிஷின் மெதுவாக ஊர்ந்தது. வலது விலாவுக்குக் கீழே வந்ததும் நின்றது. டாக்டர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இந்த இடத்தில உங்களுக்கு நோகிறதோ?"

இல்லை என்று சொல்லத்தான் நல்லம்மா வாயைத் திறந்தாள். தலை ஆமாம் என்று ஆடிவிட்டது. எத்தனையோ மாதமாக அந்த இடத்தில்தான் வலி. அக்காவுக்கு வந்ததே தனக்கும் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள்.

"கட்டிங்களா டாக்டர்?"

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். முகத்தில் சிரிப்பு.

"கட்டி இல்லை அம்மா, கல்லு. இது பித்தப்பை. உள்ளுக்க வெள்ளையாத் தெரியுதெல்லோ, அதுகள்தான். நான் பாத்த அளவில ஈரல் நல்லா இருக்கு."

பதுளையில் இன்னொரு தரம் வடிவாகப் பார்த்து உறுதிசெய்வார்கள் என்றாள். அதற்குப் பிறகு சின்ன ஆபரேஷன் ஒன்று செய்தால் வலி போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாள்.

நல்லம்மா அந்த வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, சிரிப்பு நிற்கவில்லை.

"இந்தக் கல்லுக்கா நான் தெனம் தெனம் செத்துக்கிட்டு இருந்தேன்?"

வெளியே இருந்த பெண்களும் காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

எழுந்து உட்கார்ந்தபோதுதான் சுவரோரம் நின்ற நிஷாந்தினியைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நல்லம்மாவின் மனம் இளகிவிட்டது. தனக்கு வலி இருந்தது யாருக்காவது தெரிந்ததா? அதைப் போல இந்தப் பிள்ளைக்கும் உள்ளே என்ன வலியோ.

கட்டிலைவிட்டு இறங்கி மருமகளின் கையைப் பிடித்தாள்.

"வா புள்ள, படு. நீ வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறன்னு நெனச்சிட்டேன். மனசுல வச்சுக்காத. ஒனக்கும் நெசமாத்தான் வலிச்சிருக்கும்."

டாக்டர் மிஷினைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஜெல்லை எடுத்தாள். நிஷாந்தினி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"எனக்கு வலியே இல்ல அத்தை. நடிக்கத்தான் செஞ்சேன்," என்றாள். "ராத்திரியில நீங்க வலி தாங்காம சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கும்போது, தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டு நான் எத்தனை நாளைக்குத்தான் படுத்திருக்கிறது?"