இடது நெற்றிப்பொட்டு

"மறுபடியும் போடு" என்றாள் இங்கெலா.

சோதனைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கீழே விழவிடுகிற பொம்மைத் தலையைக் கையில் ஏந்தியபடி நின்றான் சிக்ஸ்டன். ஒரு மனிதத் தலையின் எடை இருக்கும் அதற்கு. உள்ளே சென்சார்கள். மேலே அவர்களுடைய புதிய சைக்கிள் ஹெல்மெட்.

"நெத்தி நல்லா வந்துச்சு, ஒயர் லூசுன்ன. பின்மண்டை நல்லா வந்துச்சு, ரூம் சூடு சரியில்லன்ன. இப்ப எடது பக்கமும் நல்லா வந்திருக்கு. இதுல என்ன கொற?"

"வாரை நீ ரொம்ப இறுக்கிட்ட. ரோட்டுல யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க."

"நல்ல நம்பர் வந்தா நம்பாத ஒரே இன்ஜினியர் இந்த ஸ்வீடன்லயே நீதான்."

சொல்லிவிட்டு வாரை ஒரு விரல் அளவுக்குத் தளர்த்தினான்.

அவள் படும் பாடு அந்தச் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு மாதங்களுக்கு முன், மழை பெய்த ஒரு காலையில், கோதன்பர்க் நகரத்து டிராம் தண்டவாளத்தில் அவள் கணவன் ஜோயலின் சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொண்டது.

தலையில் ஹெல்மெட் இருந்தது. இதே கூடத்தில் இங்கெலா வடிவமைத்தது.

அதில் ஒரு விரிசல்கூட விழவில்லை. மண்டையோடும் உடையவில்லை. ஆனால் சாய்வாக வந்து மோதிய தலையைத் தார்ச்சாலை பிடித்துத் திருப்பிவிட்டது. மண்டை திரும்பிய வேகத்துக்கு உள்ளே இருந்த மூளையால் திரும்ப முடியவில்லை.

ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தான். அப்படியே போய்விட்டான்.

மூன்றே வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். கோபுரத்தின் அடியில், தலை வந்து மோதும் தட்டையான இரும்பைக் கழற்றச் சொன்னாள். சாய்வான இரும்பு வந்தது. சாலையைப் போலச் சொரசொரப்பாக இருக்க, அதன்மேல் உப்புத்தாள் ஒட்டினாள். சோதனைக்கு விதியில் சொன்ன வேகத்தை விட்டுவிட்டு, ஜோயலின் ஹேண்டில்பாரில் இருந்த மீட்டர் கடைசியாகப் பதிந்துவைத்த வேகத்தை எடுத்துக்கொண்டாள். மணிக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர்.

பழைய ஹெல்மெட்டை அதில் போட்டபோது திரையில் ஒன்பதாயிரத்து நானூறு என்று வந்தது. தலை எவ்வளவு மூர்க்கமாகத் திருகப்படுகிறது என்பதற்கான எண் அது. ஆறாயிரத்தைத் தாண்டினால் ஆபத்து.

புதியதில் வெளி ஓட்டுக்கும் உள்மெத்தைக்கும் நடுவே வழுவழுப்பான மெல்லிய தாள் ஒன்று இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். சாலை பிடித்துத் திருகினால் ஓடு மட்டும் வழுக்கித் திரும்பும், தலையை விட்டுவிடும்.

சிக்ஸ்டன் தலையை உச்சிக்கு ஏற்றினான். இடது நெற்றிப்பொட்டு கீழே பார்க்கும்படி திருப்பி வைத்தான். ஜோயலுக்கு அடிபட்ட இடம்.

இங்கெலா கோபுரத்துக்கு முன்னிருந்த தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. தேவாலயப் பக்கமே போகாத சிக்ஸ்டனும் அதைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு மனதுக்குள் ஒருதரம் வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

தலை விழுந்தது. இரும்பில் மோதி, வலைக்குள் போய் உருண்டது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தான்.

"மூவாயிரத்து எண்ணூறு! இங்கெலா, மூவாயிரத்து எண்ணூறு! அதே வேகம், அதே எடம். இத மாட்டியிருந்தா ஜோயல் எந்திரிச்சு, பேன்ட்டத் தட்டி விட்டுட்டு, பேசாம சைக்கிளத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு..."



இங்கெலா கம்பியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் அந்தத் தாளை முதன்முதலில் கொண்டுவந்தவன் சிக்ஸ்டன். வீட்டில் பன் சுடும் தட்டில் விரிக்கிற ஒட்டாத தாளை வெட்டி, ஹெல்மெட்டுக்குள் வைத்துக் காட்டினான். அவள் இரண்டு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விதியில இதெல்லாம் கேக்கல சிக்ஸ்டன். கனம் வேற கூடும்" என்றாள். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் தோளைத் தொட்டு, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தார். பதினான்கு மாதமாக அவளுக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்தது என்றால், அந்த ஒரு வார்த்தையால்தான்.

அவள் வேண்டியதெல்லாம் எண் ஆறாயிரத்தைத் தாண்ட வேண்டும், அந்தத் தாளும் ஜோயலைக் காப்பாற்றியிருக்காது என்று ஆக வேண்டும் என்றுதான். ஒயர், சூடு, வார் என்று சாக்குத் தேடியதெல்லாம் அதற்காகத்தான்.

சிக்ஸ்டனுக்கு மெல்லப் புரிந்தது. அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"வேணும்னா இன்னொருதரம் போட்டுப் பாக்கலாம். வாரை இன்னும் தளர்த்திடறேன்."

அவள் தலையசைத்து மறுத்தாள். மேசை மேலிருந்த படிவத்தைக் கைநீட்டி எடுத்து மடியில் வைத்து, மூவாயிரத்து எண்ணூறு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினாள். உற்பத்திக்கு அனுப்பலாம் என்ற கட்டத்தில் குறியிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நான்தான் அப்பவே விடாமக் கேட்டிருக்கணும்" என்றான் சிக்ஸ்டன்.

"கேட்ட" என்றாள் இங்கெலா. "மூணு தடவ கேட்ட."