ஒரு சுரம்கூடப் பிசகாமல்

"போட்டோ எடுக்கக் கூடாது. ஜெராக்ஸ் போடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. குளிக்கிறப்போ முணுமுணுக்கவும் கூடாது" என்றார் இசையமைப்பாளர்.

ஒத்திகை அறையில் இருந்த இசைக்குழுவினர் பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். குளியலறைக்குள் வந்து யார் பிடிப்பார்கள் என்று கேட்க வாயெடுத்த புல்லாங்குழல்காரனை, வயலின் வாசிக்கும் குழுத்தலைவி கண்ணாலேயே அடக்கினாள். அவளுக்கு இந்த மனிதரின் தயவு வேண்டியிருந்தது. அடுத்த நிகழ்ச்சியிலும் பழைய பாட்டையே வாசித்தால் ஒத்திகை அறையை உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அரங்க நிர்வாகி கறாராகச் சொல்லியிருந்தார். எங்கும் வெளிவராத புது இசை ஒன்று வேண்டும். ஊரில் அப்படி ஒன்றை வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தவராவது இவர் ஒருவர்தான்.

அந்த இசைக்கு 'பிரபஞ்சத்தின் மூச்சு' என்று பெயர். ஏழு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியதாம். உலகத்தில் பாதிப் பேர் அதைத் திருடுவதற்கென்றே பிறந்திருப்பதாக அவர் நம்பினார். அதனால் வக்கீலோடுதான் வந்திருந்தார். வக்கீல் நீட்டிய இடத்திலெல்லாம் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகே அவர் கொண்டுவந்திருந்த பெட்டி திறந்தது, இசைக்குறிப்புத் தாள்கள் வெளியே வந்தன.

அவற்றைப் பார்த்ததும் குழுத்தலைவிக்குப் பகீரென்றது. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கும் நெடுக்குமாக, கொட்டை எழுத்தில் அவர் பெயரே அச்சாகியிருந்தது. அதற்கடியில் சுரங்கள் ஏதோ நசுங்கிக் கிடந்தன.

"சார், உங்க பேர் நல்லாத் தெரியுது. சுரம்தான் தெரியல."

"அதுக்குத்தாம்மா அப்படிப் போட்டது. தெரிஞ்சா திருடிடுவாங்க."

"தெரியலேன்னா எப்படி சார் வாசிக்கிறது?"

"நிஜமான கலைஞர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லம்மா."

சுத்தமான பிரதி ஒன்றே ஒன்று கேட்டுப் பார்த்தாள். பியானோவில் ஒரு தடவை வாசித்தாவது காட்டுங்கள் என்று கெஞ்சினாள். ஜன்னல் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். ஒத்திகைக்கும் வரமாட்டாராம், அரைகுறையாகக் கேட்டால் அவர் உடம்புக்கு ஆகாதாம். போகும்போது, மேடையில் ஒரு சுரம் மாறினாலும் வழக்குத்தான் என்று வக்கீலைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு பேரும் பேசினார்கள். வெகுநேரம் ஒரே சத்தம். பிறகு புல்லாங்குழல்காரன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது, வேறு வழியில்லை என்று குழுத்தலைவியும் சம்மதித்திருந்தாள்.

நிகழ்ச்சி அன்று இசையமைப்பாளர் முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வக்கீல். வயலினைத் தோளில் வைத்தபோது குழுத்தலைவி வக்கீலைத்தான் பார்த்தாள். அறை போனால் போகிறது, கோர்ட் படி ஏறாமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. முதல் வரி முடிவதற்குள் மனிதர் எழுந்து கத்தப்போகிறார் என்று பயந்துகொண்டே வாசித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டார். முடியும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்வதற்குள் மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டார். "ஏழு வருஷமா என் மனசுக்குள்ள ஓடினது இதேதான். ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரு சுரம்கூடப் பிசகல. இது முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. யாராவது கை வெச்சா சும்மா விடமாட்டேன்" என்றார்.

அறை இனி உங்களுக்குத்தான் என்று நிர்வாகி வந்து குழுத்தலைவியின் கையைக் குலுக்கினார். அவள் அதைச் சரியாகக் காதில்கூட வாங்கவில்லை. இசையமைப்பாளரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லாங்குழல்காரன் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தப் பேப்பர்ல நமக்குத் தெரிஞ்சது முதல் நாலு சுரம்தான். அது ரேடியோவுல வந்த பழைய சோப்புத்தூள் விளம்பரம் மாதிரி இருக்கேன்னு, அந்த விளம்பரப் பாட்டையே இழுத்து இழுத்து வாசிச்சு ஒப்பேத்தினோம். அதுலயா ஒரு சுரம்கூடப் பிசகலைங்கிறாரு?"