சிவப்புப் பல் வைஸ்

பல் உண்டு, மெல்லாது, கவ்வினால் விடாது. அது என்ன, சொல்லுங்கள்? பட்டறை மேஜையில் கட்டையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ்தான்.

காயலான் கடையிலிருந்து வந்த ஒரு வைஸைச் சிறுமி ஆதிரை துருப் போகத் தேய்த்தாள். மறுபடி கட்டைகளைக் கவ்வப்போகிறோம் என்று அதற்குத் தலைகால் புரியவில்லை. அவள் சிவப்புப் பெயிண்ட் அடித்தபோது வாயையும் அகலத் திறந்து காட்டியது.

"பல்லுக்கு வேண்டாம்ப்பா, வழுக்கும்" என்றது எண்ணெய்க் குப்பி.

"வயிறு எரியுதோ?" என்றது வைஸ்.

பெயிண்ட் காய்ந்ததும், படகு செய்ய ஆதிரை ஒரு கட்டையை அதன் வாயில் வைத்துக் கைப்பிடியை முறுக்கினாள். கட்டை வழுக்கி விழுந்தது.

"பல்லை மட்டும் தேய்த்துவிடட்டுமா?" என்றது கம்பி பிரஷ்.

"கிட்டே வராதே, அழகு போயிடும்" என்று வைஸ் வாயை இறுக மூடிக்கொண்டது.

ஆதிரை கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வைஸைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.