அறுபத்திரண்டாவது கார்

வாங்க வருபவர் எதைக் கேட்டாலும் பழைய கார் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். கோவில்பட்டியில் பழைய கார் விற்கும் சந்தியாகு, வாடிக்கையாளர் தங்கமாரியை ஒரு வெள்ளைக் காரில் ஏற்றிவிட்டார்.

“எஞ்சினக் கேளுங்க அண்ணாச்சி, பிரேக்கக் கேளுங்க. ஜாதகத்த மட்டும் கேட்டுராதீங்க.”

தங்கமாரி கதவைச் சாத்தினார். இதுவரை அறுபத்தொரு கார்களில் ஏறியிருந்தார். எதனிடமும் எஞ்சினைப் பற்றிக் கேட்டதில்லை.

“போன வருசம் ஆடிப்பெருக்கு அன்னைக்கு, சாத்தூர் பைபாஸ்ல ஒரு பொம்பளப்பிள்ளைய இடிச்சிட்டு நிக்காமப் போனது நீயா?”

“இல்லை,” என்றது கார். “அன்று நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன்.”

“நெசமாத்தான் சொல்லுதியா?”

“நிஜம். நேற்று இதையே கேட்ட அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்.”

“எந்த அம்மா?”

“பேச்சியம்மாள். இறந்தது தன் மகள் என்றார்.”

இனித் தேடுவதில்லை என்று, மகளின் படத்துக்கு முன்னால் மனைவி பேச்சியம்மாளுக்கு அவர் சத்தியம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளும் அவருக்குச் செய்திருந்தாள்.

தங்கமாரி காரிலிருந்து இறங்கினார்.

“வண்டி எப்படி அண்ணாச்சி?” என்றார் சந்தியாகு.

“நல்ல வண்டிதான். நேத்து வந்த அம்மா ஏறிப் பாக்காத வண்டி எதுன்னு காட்டுங்க.”