பதினைந்தடிச் சங்கிலி

உச்சி வெயிலில் குந்தியபடி விலங்கு நல ஆய்வாளர் டேப்பை இழுக்கிறாள். வாசலில் கட்டும் நாய்க்குப் பன்னிரண்டடிச் சங்கிலியாவது வேண்டும் என்பது நகராட்சி விதி. இது பதினைந்தடி, பளபளவென்று மின்னுகிறது. தண்ணீர்ச் சட்டியில் விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுதான் அவளுக்கு இடிக்கிறது. “எப்பவும் இப்படித்தாம்மா, பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிறோம்,” என்று கேட்காமலே முந்திக்கொள்கிறார் வீட்டுக்காரர். அவள் சட்டியைத் தூக்கிப்போய், சங்கிலி கட்டிய முளையிலிருந்து பத்தடி தள்ளி வேலி நிழலில் வைக்கிறாள். “வாடா, குடி.” நாய் நாக்கைத் தொங்கவிட்டு ஓடிவருகிறது. முளையைச் சுற்றிப் புல் தேய்ந்து கிடக்கும் நாலடி வட்டத்தின் விளிம்பில் சட்டென்று நிற்கிறது. புதுச் சங்கிலி பின்னால் தொய்ந்து கிடக்க, கழுத்தை மட்டும் நீட்டித் தண்ணீரைப் பார்க்கிறது.