விசிறிக் கொளுக்கி

வவுனியாக் குளத்தை ஒட்டிய மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டு அறையில் பிள்ளைக்கு ஏணை கட்டக் கூரையில் ஒரு வளை மரம் கிடையாது. மின்விசிறிக்கென்று சீமெந்துக் கூரையில் விட்ட ஒற்றைக் கொளுக்கியில்தான் ராக்காயி சேலையை முடிந்திருக்கிறாள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடு எரிந்தபோது அவள் உடுத்தி வந்த சேலை. குளத்து வெயில் சன்னலால் புகுந்து கூரையில் நெளிகிறது. படியேறி வந்த வீட்டுச் சொந்தக்காரி பத்மாசனி வாசலில் மூச்சு வாங்குகிறார். "அதில ஒண்டும் கட்டக்கூடாது எண்டு சொன்னனான் எல்லே? கழட்டு. பிள்ளைகுட்டிக்காரருக்கு இது இடமில்லை." பிள்ளையை முதன்முதல் போடுமுன், வழக்கப்படி ராக்காயி அம்மிக்குழவியை ஏணையில் கிடத்தி ஆட்டுகிறாள். பிறகு வேண்டுமென்றே இன்னும் பலமாக. கொளுக்கி கிரீச்சிடுகிறது. கொஞ்சம் சுண்ணாம்பு பத்மாசனியின் தோளில் உதிர்கிறது, வேறொன்றும் விழவில்லை. குழவியை இறக்கிவிட்டு, பாயில் வீரிடும் முப்பத்தொரு நாள் மகளை அள்ளி உள்ளே போடுகிறாள். "தோட்டத்துலயும் எடமில்லன்னுதாங்க வெரட்டுனாங்க. இனி நா எறங்க மாட்டேன். கழட்டணும்னா நீங்களே கழட்டுங்கம்மா." அழுகை அடங்குகிறது. ராக்காயி ஏணையை வாசல் பக்கமாக வீசி ஆட்டுகிறாள். அது வருகிற வேகத்துக்குப் பத்மாசனி ஓரடி பின்வைத்து வழிவிடுகிறார்.